டோனாவூர் அம்மையாரும் நிழற்படப் பெட்டியும்

நிழற்படப் பெட்டி நம் நாட்டிற்கு வந்து சேர்ந்த காலத்தில் அதன்முன் மதிப்புடன் அமர்ந்தவர்கள் அரசரும் ஜமீன்தாரும் ஆங்கில உத்தியோகஸ்தருமே. ஏழை எளியவரின் முகமும் சிற்சில வேளைகளில் பதிந்ததுண்டு. ஆயினும் அது பெயரோடு பதியவில்லை. இன்ன சாதியார் இன்ன வடிவினர் என்று காட்டும் மாதிரியாகவே பதிந்தது. 1868 முதல் 1875 வரை அரசாங்கத்தார் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட ‘இந்திய மக்கள்’ என்னும் ஆங்கில நூல் இதற்குச் சான்றாகும். அவ்வழக்கம் நிலவிய நாளில், தாயற்ற குழந்தைகளை அவரவர் பெயரோடும் சிரிப்போடும் படத்திற் காணச் செய்தவர் டோனாவூர் ஆமி கார்மைக்கேல் அம்மையார். அவரது வரலாறு நம் திண்டுக்கல் நாட்டு மாணவரும் அறிந்திருக்கத் தக்கதாகும்.

அம்மையார் 1867-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், அயர்லாந்தில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை உடையவர்; மக்கள் எழுவருள் இவரே மூத்தவர். 1885-இல் தந்தையார் மறைந்தார். அக்காலத்தில் பெல்பாஸ்ட் நகரத்து ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்க வகையின்றித் தலையில் சால்வையைப் போர்த்துக்கொண்டு திரிவர். அவர்களை ஆலயத்திற்கு அழைத்து வருவது கௌரவமுள்ளோர் சிலருக்குப் பிடிக்கவில்லை. இளநங்கையான ஆமி சலியாமல் அவர்களைத் திரட்டினார். அவர்கட்கென்று 1889-இல் தகரத்தாலான மண்டபம் ஒன்று எழும்பியது. கடவுளுக்குமுன் உயர்வு தாழ்வு இல்லையென்பதை அவர் ஏட்டிற் கற்றதற்கு முன்னரே அத்தெருக்களிற் கற்றார் எனலாம்.

1893-இல் ஜப்பான் சென்றார். பதினைந்து திங்கள் உழைத்த பின்னர் நோயுற்றுத் திரும்பினார். அந்நாட்டிலேயே, மேலைநாட்டு உடை மக்களுக்கும் தமக்கும் இடையே திரையாக நிற்பதைக் கண்டு, அவ்வூரார் உடையை மேற்கொண்டார். 1895-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வந்திறங்கிப் பெங்களூரில் சிறிது காலம் தங்கினார். அடுத்த ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலிச் சீமையை அடைந்து, வாக்கர் ஐயர் குடும்பத்தாருடன் பண்ணைவிளையிலிருந்து ஊழியம் செய்தார். தமிழை வருந்திக் கற்றுச் சேலை உடுத்தினார். உள்நாட்டுப் பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார். சென்னை வந்திறங்கியது முதல் ஐம்பத்தைந்து ஆண்டுகள், ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் இந்நாட்டிலேயே வாழ்ந்தார்.

1901-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கோவிற்பணிக்கென்று ஒப்படைக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவள் வாயிலாகக் கேட்டறிந்த செய்திகள் அம்மையாரின் வாழ்க்கையையே வேறு வழியில் திருப்பிவிட்டன. மேற்குத் தொடர் மலையின் அடிவாரத்திலுள்ள டோனாவூர் அவரது நிலையான இருப்பிடமாயிற்று. ஜெர்மானியப் பிரபுவாகிய டோனா என்பவர் ஆலயத்திற்கு அளித்த நன்கொடையால் அப்பெயர் பெற்ற ஊர் அது. ஒருத்தி பலரானாள், 1913-இல் நூற்றுமுப்பது பெண்கள் அங்கு வளர்ந்து வந்தனர். 1918-இல் ஆண்பிள்ளைகளுக்கும் இடம் உண்டாயிற்று.

இனி நிழற்படத்தின் கதைக்கு வருவோம். தாம் கண்டவற்றை மறையாது எழுதிய கடிதங்களை அம்மையார் நூலாக்க முயன்றபொழுது, வெற்றிச் செய்திகளையே எதிர்பார்த்த தாய்நாட்டார் அதனைத் திருத்தக் கோரினர். அவர் இசையவில்லை. அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த தோழி ஒருத்தி கையில் நிழற்படப் பெட்டியோடு ஊர் ஊராக உடன் சென்றாள். அவள் பிடித்த படங்களோடு, உள்ளது உள்ளபடி என்று பொருள்படும் தலைப்புடன் அந்நூல் 1903-இல் வெளிவந்தது. மிஷனெரிமாருள்ளேயே சிலர் அதனை மிகையென்றனர். ஆகவே, நூலிற் கூறியது மெய்யென்று பிற ஊழியர் சான்று பகர்ந்த கடிதங்களைப் பின்வந்த பதிப்பிற் சேர்க்க வேண்டியதாயிற்று.

1909-இல் வெளிவந்த ‘தாமரை மொட்டுகள்’ என்னும் ஆங்கில நூல் இன்னும் சிறந்தது. உதகமண்டலத்தில் நெடுங்காலம் நிழற்படத் தொழில் நடத்திய பென் என்பவர் இந்நூலுக்கென்றே குழந்தைகளைப் படம் பிடித்தார். ஐம்பது படங்கள் அதில் இடம்பெற்றன. வெள்ளியுப்புப் பூசிய கண்ணாடித் தகட்டில் உருவம் பதிந்த அந்நாளில், குழந்தை சற்றே தலையசைப்பினும் முகம் கலங்கிப்போகும். தவழும் பிள்ளையையும் சிணுங்கும் பிள்ளையையும் படத்திற் பிடிக்கக் கைத்திறனோடு பொறுமையும் அன்பும் வேண்டும். அவை அவரிடம் இருந்தன. அப்படங்களிற் குழந்தைகள் எந்தச் சாதியார் என்னும் குறிப்போடு நிற்கவில்லை; செல்லப்பெயர்களோடு விளையாடிக்கொண்டிருந்தனர். காண்போர் கண்ணில் இரக்கத்திற்கு முன்பாக நேசம் பிறந்தது.

படத்திற் கண்ட சமத்துவம் வீட்டில் இல்லாதிருந்தால் அது வெறும் பொய்யாகும். டோனாவூரில் அது எளிதில் வந்துவிடவில்லை. பிறர் குழந்தையைக் கழுவுவதும் துணி துவைப்பதும் இழிதொழில் என்ற எண்ணம் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வேரூன்றியிருந்தது. வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சபையார் பிரிந்திருந்ததை நினைப்போர் இதனை வியவார். ஆகவே குழந்தைகளைப் பேண முதலில் ஆள் கிடைப்பதே அரிதாயிற்று. பொன்னம்மாள் என்னும் கைம்பெண் முன்வந்து, எந்த வேலையையும் தாழ்வென்றெண்ணாமல் செய்து காட்டினார். அவரைக் கண்டு பிறரும் துணிந்தனர். 1915-இல் அவர் மறைந்தபொழுது அம்மையார் தம் வலக்கையை இழந்தவரானார். ஐரோப்பியரும் இந்தியரும், பல சாதியில் பிறந்தோரும் ஒரே குடும்பமாய் வாழ்வது அவ்வில்லத்தின் நியதியாயிற்று. 1927-இல் அது டோனாவூர் ஐக்கியம் என்னும் தனி அமைப்பாகப் பதிவு பெற்றது.

அம்மையாரின் எழுத்தில் குறை காண்பாரும் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. இந்து சமயத்தைப் பற்றிய அவரது மொழி பல இடங்களிற் கடுமையானது. தேவதாசியர் நம் இசையையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் என்பதை அவர் நூல்களில் நாம் அறிய இயலாது. எனினும், அறியாப் பருவத்துச் சிறுமியை ஒப்புக்கொடுக்கும் கொடுமை மெய்யே. அதனை எதிர்த்துச் சட்டமன்றத்திற் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அது சட்டத்தால் தடுக்கப்பட்டது.

1931-ஆம் ஆண்டு களக்காட்டில் புதிதாய் வெட்டிய குழியொன்றில் தவறி விழுந்து கால் முறிந்த அம்மையார், எஞ்சிய இருபது ஆண்டுகளையும் பெரும்பாலும் படுக்கையறையிலேயே கழித்தார். அங்கிருந்தும் நூல்கள் எழுதினார். 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் காலமானார். தம் உருவப்படம் விளம்பரம் பெறுவதை விரும்பாத அவர், கல்லறைக் கல்லும் வேண்டாவென்றே சொல்லியிருந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீருண்ணும் தொட்டியொன்றை அமைத்து, அம்மை என்னும் ஒரே சொல்லைப் பொறித்தனர்.

மாணவ நண்பர்களே, மலைக்கோட்டையைச் சூழ்ந்த நம் சமவெளியிலும் ஆலயங்கள் பல உண்டு. பூட்டுத் தொழிலாளரும் தோல் பதனிடுவோரும் உழவரும் அவற்றில் கூடுகின்றனர். திருவிழா நாளில் சபையார் கூடிப் படம் எடுக்கும்போது, நாற்காலியில் அமர்ந்தவர் யார், பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவர் யார், படத்திற்கே அழைக்கப்படாதவர் யார் என்று உற்று நோக்குங்கள். சபை தன்னைப்பற்றி வாயாற் சொல்லாததை அப்படம் சொல்லிவிடும். அடுத்த படத்தை எடுக்கும்முன் அவ்வரிசையை மாற்றுவது நம் கடமையாகும்.