பஸ்ஸும் மோட்டாரும் தந்த ஜி.டி. நாயுடு

பீங்கான் பொம்மைக்கும் பியூஸ் கேரியருக்கும் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இருந்துகொண்டு, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் என் மாமாவின் பேட்டரி ஆட்டோக்கள்தாம்.

மாமாவிடம் அத்தகைய வண்டிகள் மூன்று உண்டு. மூன்றும் கடனில் வாங்கியவை. தொழிற்பேட்டையில் சரக்கு ஏற்றிக் கடைகளில் இறக்குவது தொழில். சென்ற கோடையில் ஒருநாள் மாலை பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து, சரக்கோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம். அந்த மாதமே மறுமுறையும் அப்படி நேர்ந்தது. இப்படியே போனால் தவணை கட்ட முடியாது, கணக்குப் படிக்கிறவன் ஒரு வழி சொல்லக் கூடாதா என்று மாமா கேட்டார். வழி தேடி நூலகத்துக்குப் போன எனக்கு, கணக்குப் புத்தகத்துக்கு முன்பு கையில் அகப்பட்டது நாயுடு அவர்களின் வரலாறு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893 மார்ச் 23ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டது முதல் அவருக்கு வேறு நினைவே இல்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தார்; காசு சேர்த்தார்; அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். ஓட்டிப் பார்த்ததோடு நிற்காமல் அக்கக்காகப் பிரித்துப்போட்டு, மறுபடி பூட்டினார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? பிறகு பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பம்பாயில் கையிருப்பை இழந்து திரும்பினார்.

1920இல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து வளர்ந்ததுதான் யு.எம்.எஸ். என்னும் பெரிய பஸ் நிறுவனம். நேரந்தவறாமைக்கு அது பேர்போனது. இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு வண்டி வைத்திருப்பவருக்கு ஓட்டத் தெரிந்தால் போதும். பல வண்டி வைத்திருப்பவருக்கோ, எது எப்போது எங்கே நிற்கும் என்பது தெரிந்தாக வேண்டும். மாமா மூன்று வண்டி வாங்கியும் ஒற்றை வண்டிக்காரராகவே இருந்தார்.

1937இல் தே. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின் மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். 1945இல் கோவையில் பொறியியல் கல்லூரி தோன்றக் காரணமானவர் அவர். நான்காண்டுப் படிப்பு காலவிரயம் என்று வாதாடியவரும் அவரே. விரிவுரையாளர்கள் பொறுத்தருள்க! 1974 ஜனவரி 4இல் மறைந்தார். அவர் கைபட்ட பஸ்ஸும் மின் மோட்டாரும் இன்று ஒரே வண்டியாகிவிட்டன. 2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

பெட்ரோல் வண்டிக்கு நேரக் கணக்கு ஒன்று போதும். வழியில் எண்ணெய் போட்டுக்கொள்ளச் சில நிமிடந்தான். பேட்டரி வண்டிக்குச் சார்ஜ் கணக்கும் சேர்ந்துகொள்கிறது, ஏற்றுவதற்கு மணிக்கணக்காகும். பத்துக் கடைகளுக்குப் போகும் வரிசையை 36,28,800 விதமாக மாற்றி அமைக்கலாம். அவற்றுள் தூரம் குறைந்த வரிசையே சார்ஜும் குறைவாகத் தின்னும் என்று நினைத்திருந்தேன். அது தவறு. பாரம் கூடினால் மின்சாரச் செலவும் கூடும். பக்கத்தில் இருக்கிறதே என்று பொம்மைக் கூடைகளை முதலில் இறக்கிவிட்டு, கனத்த பியூஸ் கேரியர் பெட்டிகளை ஊரெல்லாம் சுமந்து சென்றதுதான் எங்கள் தவறு. சற்றுச் சுற்றினாலும் பெட்டிகளை முதலில் இறக்குமாறு வரிசையை மாற்றினேன். பகலில் சரக்குக்காகத் தொழிற்பேட்டையில் காத்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடச் செய்தேன்.

இரண்டு வண்டிகள் இப்போது தள்ளாமல் வீடு சேர்கின்றன. மூன்றாவது வண்டிக்குத்தான் கணக்கு ஒத்துவரவில்லை. அதன் கனத்த சரக்கை வாங்கும் கடைக்காரர் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் கடை திறக்கிறார். மாமா அவரிடம் பேசிப் பார்க்கப் போயிருக்கிறார்.