எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்

எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங் (1890 – 1954) அமெரிக்காவைச் சேர்ந்த மின்பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். மீளாக்கச் சுற்று, சூப்பர்ஹெட்டரோடைன் வானொலி ஏற்பி, அகலப்பட்டை அதிர்வெண் பண்பேற்றம் ஆகியவை இவருடைய முதன்மையான கண்டுபிடிப்புகளாகும். இவற்றுள் இறுதியானது தமிழில் பண்பலை என அறியப்படுகிறது.

இளமை

ஆம்ஸ்ட்ராங் டிசம்பர் 18, 1890 இல் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் பணியாற்றினார்; தாய் ஆசிரியையாக இருந்தவர். எட்டு வயதில் ஏற்பட்ட நரம்பு நோயால் முகமும் தோளும் துடிக்கும் குறை வாழ்நாள் முழுவதும் இவருக்கு இருந்தது. பின்னர் குடும்பம் யாங்கர்சு நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வீட்டருகில் உயரமான அலைவாங்கிக் கம்பத்தைத் தாமே எழுப்பி, தொலைதூரக் குறிகைகளைக் கேட்டு வந்தார். 1913 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார்.

மீளாக்கச் சுற்று

லீ டி பாரெசுட்டு 1906 இல் உருவாக்கிய ஆடியான் என்னும் வெற்றிடக் குழாய் எவ்வாறு இயங்குகிறது என்பது அக்காலத்தில் தெளிவாக விளங்கவில்லை. மாணவராக இருந்தபோதே ஆம்ஸ்ட்ராங் அதனைச் சோதனைகள் மூலம் ஆராய்ந்தார். குழாயின் வெளியீட்டில் ஒரு பகுதியை ஒத்த கட்டத்தில் உள்ளீட்டிற்குத் திருப்பியளித்தால் பெருக்கம் பன்மடங்கு கூடுவதை 1912 இல் கண்டறிந்தார். பின்னூட்டம் ஓர் எல்லையைக் கடந்தால் பெருக்கி தானாகவே அலைவுகளை உண்டாக்கத் தொடங்கும். அப்போது அது ஏற்பியாக மட்டுமன்றி அலைபரப்பியாகவும் பயன்படும். இன்றைய ஒலிபெருக்கிகளில் ஊளைச் சத்தம் எழுவதற்கும் கட்டுப்பாடற்ற இத்தகைய பின்னூட்டமே பெரும்பாலும் காரணமாகும்.

இக்கண்டுபிடிப்புக்கு 1914 இல் இவர் காப்புரிமை பெற்றார்.

சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பி

முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் குறிகைப் படையில் பாரிசில் பணியாற்றிய ஆம்ஸ்ட்ராங், 1918 இல் இவ்வேற்பியை உருவாக்கினார். பெறப்படும் அலையுடன் ஏற்பியிலேயே உண்டாக்கப்படும் மற்றோர் அலை கலக்கப்பட்டு, நிலையான இடைநிலை அதிர்வெண்ணாக மாற்றப்படுகிறது. அதன் பின்னரே அது பெருக்கப்படுகிறது. எந்த நிலையத்தைக் கேட்டாலும் ஒரே அதிர்வெண்ணில் பெருக்குவதால் ஏற்பியின் உணர்திறனும் தேர்திறனும் உயர்கின்றன. பிரான்சைச் சேர்ந்த லூசியன் லெவியும் இதே கருத்தைத் தனியாக முன்வைத்திருந்தார். பிற்காலத்தில் வீட்டு வானொலிகளும் கார் வானொலிகளும் பெரும்பாலும் இம்முறையிலேயே அமைந்தன.

1923 இல் மரியன் மக்கினிசு என்பவரை மணந்தார். அவர் ஆர்.சி.ஏ நிறுவனத்தின் டேவிட் சார்னோப்பின் செயலாளராகப் பணியாற்றியவர்.

டி பாரெசுட்டுடனான வழக்கு

மீளாக்கச் சுற்றுக்கு உரிமை கோரி டி பாரெசுட்டு தொடுத்த வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. 1912 ஆகத்து மாதத்தில் டி பாரெசுட்டின் குழுவினர் தொலைபேசிப் பெருக்கி ஒன்றைச் சோதித்தபோது எழுந்த ஊளையொலி அவர்களுடைய குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. அன்று அது நீக்கவேண்டிய பழுதாகவே கருதப்பட்டது. எனினும் அப்பதிவே பின்னர் முந்தைய கண்டுபிடிப்புக்குச் சான்றாக முன்வைக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1934 இல் டி பாரெசுட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொறியியலாளர் பலர் இத்தீர்ப்பை ஏற்கவில்லை. வானொலிப் பொறியியலாளர் கழகம் முன்னர் தமக்கு அளித்திருந்த பதக்கத்தை ஆம்ஸ்ட்ராங் திருப்பியளிக்க முன்வந்தபோது, கழகம் அதனைப் பெற மறுத்து அவருக்கே உரியதென உறுதிசெய்தது.

பண்பலை

வீச்சுப் பண்பேற்ற வானொலியில் மின்னல், எஞ்சின் தீப்பொறி போன்றவற்றால் இரைச்சல் கேட்கும். இவை முதன்மையாக அலையின் வீச்சையே பாதிக்கின்றன. எனவே வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணை மாற்றி ஒலியை ஏற்றினால், வீச்சு மாறுதல்களை ஏற்பியில் வெட்டிவிட முடியும். இதற்குக் குறுகிய அலைப்பட்டையே ஏற்றது என்பது அன்றைய கருத்து. ஆம்ஸ்ட்ராங் அதற்கு மாறாக அகன்ற பட்டையைப் பயன்படுத்தி வெற்றி கண்டார். 1933 இல் காப்புரிமைகள் கிடைத்தன. 1935 நவம்பரில் நியூயார்க்கில் செயல்விளக்கம் நடத்தப்பட்டது. பின்னர் நியூ செர்சி மாநிலத்தின் அல்பைன் என்னுமிடத்தில் சொந்தச் செலவில் நிலையம் அமைத்தார்.

1945 இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாணையம் பண்பலையை 88 – 108 மெகாஹெர்ட்சு பட்டைக்கு மாற்றியது. இதனால் அதுவரை விற்கப்பட்ட பண்பலை ஏற்பிகள் பயனற்றுப் போயின. காப்புரிமை தொடர்பாக ஆர்.சி.ஏ மீது 1948 இல் இவர் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு நீண்டு இவருடைய செல்வத்தையும் உடல்நலத்தையும் கரைத்தது. 1953 இன் இறுதியில் மனைவியும் பிரிந்து சென்றார்.

மறைவும் பின்னரும்

1954 ஜனவரி 31 இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் ஆம்ஸ்ட்ராங் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வழக்குகளை மரியன் தொடர்ந்து நடத்தினார். அதே ஆண்டு டிசம்பரில் ஆர்.சி.ஏ சுமார் பத்து இலட்சம் டாலர் அளித்து உடன்பாட்டுக்கு வந்தது. பிற நிறுவனங்கள் மீதான வழக்குகளில் இறுதியானது 1967 இல் அவருக்குச் சாதகமாக முடிவடைந்தது. 1983 இல் அமெரிக்க அஞ்சல்துறை ஆம்ஸ்ட்ராங்கின் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.