சதியும் தற்செயலும்: பேராசிரியர் கல்கி

சோழ அரசின் அமைச்சராய் விளங்கி, அடியார் வரலாற்றைக் காப்பியமாக்கிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர் குன்றத்தூர். அம்மண்ணில் தமிழ் பயிலும் நாம், சோழர் வரலாற்றைப் புதினமாக்கிய கல்கியின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமேயாகும்.

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, 1921இல் பள்ளிப் படிப்பைத் துறந்தார், சிறையும் புகுந்தார். பின்னர்த் திரு.வி.க.வின் நவசக்தியில் எழுத்துப் பயிற்சி பெற்றார். ஆனந்த விகடனில் புகழெய்தி, 1941இல் சதாசிவத்துடன் இணைந்து கல்கி வார இதழைத் தொடங்கினார்.

1950 முதல் 1954 வரை அவ்விதழில் வெளிவந்த பொன்னியின் செல்வனுக்கு நடுநாயகமாக அமைவது ஆதித்த கரிகாலனின் கொலையாகும். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில், இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உள்ளது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகளெனக் குறித்து, அவர்தம் சுற்றத்தாரின் உடைமைகள் பறிக்கப்பட்டதை அது கூறுகிறது. கொலைக்குக் காரணம் யாது, தூண்டியவர் எவர் என்பவற்றைக் கூறவில்லை. அம்மௌனத்தை அறிஞர் இருவேறாகப் பொருள் கொண்டனர். நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மீது ஐயங்கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார்.

கல்கி என் செய்தார்? பாண்டிய ஆபத்துதவிகளின் சதியை விரிவாகப் புனைந்தார். ஆயினும், கொலை நிகழும் கடம்பூர் மாளிகையில் விளக்கை அணையச் செய்து, குத்திய கை எவருடையது என்பதை இருளிலேயே விட்டுவிட்டார். அங்கிருந்த வந்தியத்தேவன்மீது பழி விழுகிறது. ஒருவருக்கு மேற்பட்டோர் அப்பழியைத் தாமே ஏற்க முன்வருகின்றனர். உத்தம சோழர்மீதோ கறை படியவில்லை. பிறந்தவுடன் இடம் மாறிய குழந்தையாக, பூத்தொண்டு புரியும் சேந்தன் அமுதனாக அவரைப் படைத்து, குற்றத்தினின்று முற்றும் விலக்கினார் கல்கி.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கற்பனைக்கு உரிமையுடைய புதின ஆசிரியரே, சான்றில்லாத இடத்தில் ஒரு மன்னர்மீது கொலைப்பழி சுமத்தத் துணியவில்லை. கேட்ட செய்தியை ஆராய்ந்து தெளிக என்பது இஸ்லாம் வலியுறுத்தும் ஒழுக்கமாகும். ஒவ்வொரு துயருக்கும் பின்னால் ஒரு சதியைக் கற்பித்து, ஒரு குடும்பத்தையோ சமுதாயத்தையோ குற்றவாளியாக்கும் வதந்திகள் மலிந்த இந்நாளில், இது நம் மாணவர்க்கு இன்றியமையாப் பாடமாகும்.

1954 டிசம்பர் 5ஆம் நாள் கல்கி மறைந்தார். அலை ஓசைக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு 1956இல் அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. 1999இல் தமிழக அரசு அவர்தம் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அந்நூல்களைக் கற்போர், கதையின் சுவையைத் துய்ப்பதோடு, கல்வெட்டு எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதையும் பகுத்தறிவாராயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.