வானை மறைத்த பறவைகளும் வரைந்தவரின் கணக்கும்

கலைப் படைப்புகளின் வரலாற்றை அழகியல் நோக்கில் எழுதுவதே வழக்கம். ஆனால், சில படைப்புகளை வரவு-செலவுக் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் முழுப் பொருளும் விளங்கும். அமெரிக்கப் பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் வாழ்வு அத்தகையது. மனிதனுக்கும் பறவைக்கும் உள்ள உறவை அவரைப் போல் ஆழ்ந்து வரைந்தவர் அரிது. அந்த உறவில் உள்ள முரண்பாட்டை அவரைப் போல் வாழ்ந்து காட்டியவரும் அரிது.

1785 ஏப்ரல் 26 அன்று, இன்று ஹைதி எனப்படும் கரீபியத் தீவுப் பகுதியில் அவர் பிறந்தார். அன்று அது பிரான்ஸின் கரும்புக் குடியேற்றம். தந்தை பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, வணிகர், கரும்புத் தோட்டத்துக்கும் அடிமைகளுக்கும் உடைமையாளர். தாய் ஜான் ராபின் ஒரு பணிப்பெண். திருமண உறவுக்கு வெளியே பிறந்த அந்தக் குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். பின்னர், பிரான்ஸின் நான்த் நகரப் பகுதியில் தந்தையின் மனைவி அவரை அன்புடன் வளர்த்தார். பள்ளிக் கல்வியைவிட ஆற்றங்கரையும் பறவைக் கூடுகளுமே சிறுவனை ஈர்த்தன.

1803-இல் நெப்போலியனின் படையில் சேர்க்கப்படாமல் இருக்க, 18 வயது மகனைத் தந்தை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பென்சில்வேனியா மாநிலத்தில் அவருக்குச் சொந்தமாக மில் குரோவ் என்ற பண்ணை இருந்தது. மகன் அங்கே பண்ணையை நிர்வகித்ததைவிடப் பறவைகளைப் பின்தொடர்ந்ததே அதிகம். அண்டை வீட்டுப் பெண் லூசி பேக்வெல்லை அங்கேதான் சந்தித்தார். 1808-இல் இருவரும் மணம் புரிந்து, அன்றைய மேற்கு எல்லையான கென்டக்கி மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தனர்.

முதலில் லூயிவில் நகரிலும், பிறகு ஹெண்டர்சன் என்ற சிற்றூரிலும் ஆடுபான் கடை நடத்தினார். நிலம் வாங்கினார், நீராவி ஆலை ஒன்றை நிறுவினார். ஒன்பது அடிமைகள் வரை அவரிடம் இருந்தனர். எளிதில் கிடைத்த வங்கிக் கடனும் ஏறுமுகமாக இருந்த நில விலையும் அக்கால மேற்கு அமெரிக்காவின் பொருளாதாரத்தை இயக்கின. 1819-இல் பருத்தி விலை சரிந்தது. வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டன. அமெரிக்கா சந்தித்த முதல் பெரும் நிதி நெருக்கடி அது. ஆடுபான் கடையையும் ஆலையையும் வீட்டையும் இழந்தார், அடிமைகளையும் விற்றார். கடனுக்காகச் சிறைப்பட்டு, நொடித்தவர் என்று அறிவித்து வெளியே வந்தார். இரு பெண் குழந்தைகளையும் அடுத்தடுத்து இழந்தது அதே காலத்தில்தான்.

அந்த வீழ்ச்சி நேராதிருந்தால், ஹெண்டர்சன் ஊரின் வசதியான ஆலை முதலாளி ஒருவர் அமைதியாக வாழ்ந்து மறைந்திருப்பார். கையில் எஞ்சியிருந்தது வரையும் திறன் மட்டுமே. ஆளுக்கு ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு மனித முகங்களை வரைந்து பிழைத்தார். பின்னர் 1820 அக்டோபரில் சின்சினாட்டியிலிருந்து படகேறி, ஓஹயோ, மிசிசிப்பி ஆறுகளின் வழியே தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அமெரிக்கப் பறவைகள் அனைத்தையும் அவற்றின் இயற்கை அளவிலேயே வரைந்துவிட வேண்டும் என்பது அவரது திட்டம். அப்போது அவருக்கு வயது 35.

அதுவரை பறவைப் படங்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்த உடல்களைப் பார்த்து வரையப்பட்டவை. கிளையொன்றில் பக்கவாட்டில் அசைவின்றி நிற்கும் உருவங்கள் அவை. ஆடுபானின் பறவைகள் இரை தேடுகின்றன, சண்டையிடுகின்றன, குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன, கூட்டைத் தாக்கும் பாம்பை எதிர்க்கின்றன. உயரமான பூநாரையைத் தாளுக்குள் இயற்கை அளவில் அடக்க, அதன் கழுத்தை வளைத்து நீரருகே தாழ்த்தினார். தாளின் வரம்பே அங்கே ஓவியத்தின் அழகாயிற்று.

ஆனால், உயிர்த்துடிப்புள்ள அந்தப் பறவைகள் அனைத்தும் இறந்த பறவைகள். புதிதாகச் சுட்டு வீழ்த்திய பறவையைக் கட்டமிட்ட பலகையில் வைத்து, கம்பிகளால் குத்தி நிறுத்தி, இயல்பான நிலையைத் தோற்றுவித்து, நிறம் மங்குவதற்குள் அவர் வரைந்தார். ஓர் ஓவியத்துக்குப் பல பறவைகள் தேவைப்பட்டன. தேவைக்கு மேலாகவும் சுட்டார். நிழற்படம் இல்லாத அக்காலத்தில் இயற்கை ஆய்வாளர் அனைவரும் துப்பாக்கி ஏந்தியவர்களே. பறவையை நேசிப்பதும் சுடுவதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை.

1824-இல் பிலடெல்பியாவில் பதிப்பாளர் தேடிச் சென்றபோது ஏமாற்றமே மிஞ்சியது. அமெரிக்கப் பறவைகளை முன்னரே வரைந்து புகழ்பெற்றிருந்த அலெக்சாண்டர் வில்சனின் ஆதரவாளர்கள் அவருக்கு இடம் தரவில்லை. 1826-இல் ஓவியக் கட்டுகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நீண்ட தலைமுடியும் காட்டுவாசிக் கோலமுமாகப் பிரிட்டனின் வரவேற்பறைகளில் தோன்றினார். தம் வாழ்க்கைக் கதையிலும் சில புனைவுகளைச் சேர்த்தார். புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர் டாவீதிடம் பயின்றதாகச் சொல்லிக்கொண்டார். அதற்குச் சான்று இல்லை. ஒரு முறை கடையை மூட நேர்ந்த வணிகர், இம்முறை சந்தையைப் புரிந்துகொண்டிருந்தார்.

அவர் நிறுவிய வெளியீட்டு முறை பொருளியல் மாணவர்கள் கற்க வேண்டிய ஒன்று. பெருமுதலீடு செய்ய ஆளில்லாததால் சந்தாவை நாடினார். ஐந்து படங்கள் கொண்ட தொகுதி ஒன்றைத் தருவார். சந்தாதாரர் அதற்குரிய தொகையைச் செலுத்துவார். அந்தப் பணத்தில் அடுத்த தொகுதி உருவாகும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பெரிய பறவை, ஒரு நடுத்தரப் பறவை, மூன்று சிறிய பறவைகள் என்று ஒழுங்கு வகுத்தார். ஆர்வம் குறையாமல் சந்தாதாரரைத் தக்கவைக்கும் உத்தி அது. பிரிட்டனில் அச்சாகும் நூல்களின் படிகளைச் சில நூலகங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்ற சட்டச் சுமையைத் தவிர்க்க, எழுத்துப் பகுதியைத் தனி நூலாக ஐந்து தொகுதிகளில் வெளியிட்டார்.

எடின்பரோவில் லிசார்ஸ் என்பவர் முதல் பத்துச் செப்புத் தகடுகளைச் செதுக்கினார். அங்கு வண்ணம் தீட்டுவோர் வேலைநிறுத்தம் செய்ததால், பணி லண்டனின் ராபர்ட் ஹேவலிடம் சென்றது. 1827 முதல் 1838 வரை 87 தொகுதிகளாக 435 படங்கள் வெளிவந்தன. ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ மூன்றேகால் அடி உயரம். ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டப்பட்டது. அமெரிக்காவில் முழுத் தொகுப்பின் விலை 1,000 டாலர். முழுமையாக உருவான தொகுப்புகள் 200-க்கும் குறைவு. அவற்றுள் ஒன்று, 2010-இல் லண்டன் ஏலத்தில் 70 லட்சம் பவுண்டுக்கும் மேல் விலை போயிற்று.

இந்தப் பெருமையில் பங்குள்ள பலரின் பெயர் படங்களில் இல்லை. மிசிசிப்பிப் பயணத்தில் உடன் சென்ற ஜோசப் மேசனுக்கு அப்போது வயது 13. பல படங்களில் பறவை அமர்ந்திருக்கும் செடி கொடிகளை வரைந்தவர் அச்சிறுவர்தான். தென் கரோலினாவின் மரியா மார்ட்டினும் பல படங்களுக்கு மலர்களை வரைந்தார். எல்லோருக்கும் மேலாக, லூசி. கணவர் காடுகளில் அலைந்த ஆண்டுகளில், லூசியானாவின் தோட்ட முதலாளிகளின் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, இரு மகன்களையும் வளர்த்து, கணவரின் கடல் பயணத்துக்கும் பொருள் உதவியவர் அவர். அந்த உழைப்புக்குக் கணக்குப் புத்தகத்தில் தலைப்பே இல்லை.

ஆடுபானின் வாழ்வில் நம் காலத்துக்கு மிகத் தேவையான பாடம் ஒரு புறாவைப் பற்றியது. 1813-இன் இலையுதிர் காலத்தில் ஹெண்டர்சனிலிருந்து லூயிவில் செல்லும் வழியில், பயணிப் புறாக்கள் கூட்டங்கூட்டமாகப் பறப்பதைக் கண்டார். கடக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தாளில் ஒரு புள்ளி வைத்தார். 21 நிமிடங்களில் 163 புள்ளிகள். அதற்குமேல் எண்ண இயலவில்லை. நண்பகல் வெளிச்சமே மங்கியது. ஒரு மைல் அகலத்தில் மூன்று மணி நேரம் கடக்கும் கூட்டம், சதுர கஜத்துக்கு இரண்டு பறவைகள் என்ற கணிப்பில், ஒரே கூட்டத்தில் 111 கோடிக்கும் மேற்பட்ட புறாக்கள் என்று பின்னர் கணக்கிட்டார். அவை ஒரு நாளில் உண்ணும் தீனியின் அளவையும் கணக்கிட்டார்.

புறாக்கள் தங்கும் காடுகளில் மக்கள் திரண்டு, கழிகளாலும் துப்பாக்கிகளாலும் இரவெல்லாம் கொன்று குவித்ததையும், எஞ்சியவற்றைத் தின்னப் பன்றிகளை ஓட்டி வந்ததையும் அவர் நேரில் கண்டு எழுதினார். இத்தகைய வேட்டை அந்த இனத்தை அழித்துவிடாது, காடுகள் குறைந்தால்தான் அவை குறையும் என்பது அவர் முடிவு. ஓராண்டில் அவை பல மடங்கு பெருகிவிடும் என்று நம்பினார்.

அந்த நூற்றாண்டின் மிகக் கூர்மையான பறவைக் கண் கண்ட முடிவு அது. அது பொய்த்தது. அவர் கணித்தது கழிகளும் துப்பாக்கிகளும் மட்டும் இருந்த சந்தையை. பின்னர் ரயில் வந்தது, தந்தி வந்தது. புறாக்கள் எங்கே கூடு கட்டியுள்ளன என்ற செய்தி தந்தியில் பறந்தது. தொழில்முறை வேட்டையர் ரயிலில் வந்து இறங்கினர். பீப்பாய்களில் அடைத்த இறைச்சி பெருநகரங்களுக்குச் சென்றது. காடுகளும் கூடவே வீழ்ந்தன. கடைசிப் பயணிப் புறா, மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. அவர் உயிர்ப்புடன் வரைந்த கரோலினா கிளியும் அதே இடத்தில் 1918-இல் முடிந்துபோனது. உரிமையாளர் இல்லாத வளத்துக்கு விலை இல்லை. விலை இல்லாததால், தீரும் வரை அது தீரப்போவதாக யாரும் உணர்வதில்லை.

ஆடுபான் இந்த அழிவை முற்றிலும் உணராதவர் அல்லர். 1833-இல் லாப்ரடார் கடற்கரையில் முட்டைக் கொள்ளையரைக் கண்டு கொதித்தார். 1843-இல் மிசௌரி ஆற்றுப் பயணத்தில் எருமைகளின் படுகொலையைக் கண்டு கவலையுற்றார். ஆயினும், அக்கவலை செயலாக மாறவில்லை. 1851 ஜனவரி 27 அன்று நியூயார்க்கில் அவர் இறந்தார். வறுமையுற்ற லூசி, 1863-இல் மூல ஓவியங்களை நியூயார்க் வரலாற்றுக் கழகத்துக்கு விற்றார். செப்புத் தகடுகள் பலவும் உலோக விலைக்கே போயின.

முதுமையில் லூசி மீண்டும் பாடம் நடத்தினார். அவரிடம் பயின்ற சிறுவர்களில் ஒருவர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல். 1886-இல் பறவைகளைக் காக்க அவர் தொடங்கிய அமைப்புக்கு ஆடுபானின் பெயரைச் சூட்டினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால், தொப்பிகளில் இறகு சூடும் மோகத்தை எதிர்த்து 1896-இல் பாஸ்டன் பெண்கள் அப்பெயரிலேயே மீண்டும் ஓர் அமைப்பைத் தொடங்கினர். வேட்டையாடுபவனோடு மோதுவதைவிட வாங்குபவரின் மனத்தை மாற்றுவதே பயன் தரும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். 1900-இல் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் லேசி சட்டமும், 1918-இல் வலசைப் பறவைகள் சட்டமும் வந்தன.

அண்மைக் காலத்தில், அடிமைகளை விலைக்கு வாங்கி விற்றவரும், அடிமை ஒழிப்பை ஏற்காதவருமான ஒருவரின் பெயரைத் தாங்குவது முறையா என்ற கேள்வி அமெரிக்காவில் எழுந்தது. 2023-இல் தேசிய ஆடுபான் சங்கம் பெயரைத் தக்கவைத்துக்கொள்ள முடிவெடுத்தது. சியாட்டில், சிகாகோ, நியூயார்க் நகரக் கிளைகள் பெயரை மாற்றிக்கொண்டன. ஓவியங்களைப் போற்றுவதற்காக அடிமைகளை மறப்பதும் நேர்மையல்ல. அடிமைகளை நினைப்பதற்காக ஓவியங்களை மறைப்பதும் தேவையல்ல. ஐந்தொகையில் பற்றும் வரவும் இரு பக்கமும் எழுதப்பட வேண்டும்.

கலை நம்மைப் பார்க்க வைக்கும், நேசிக்கவும் வைக்கும். ஆனால், நேசம் மட்டுமே ஓர் உயிரினத்தைக் காத்துவிடாது என்பதற்கு அவரது பயணிப் புறா ஓவியமே சான்று. காதல் இணையாக அலகோடு அலகு சேர்த்து நிற்கும் அந்த இரு பறவைகள் தாளில் மட்டுமே மிஞ்சியுள்ளன. இன்று ஏராளமாக இருப்பதாக நாம் எண்ணும் எதையும், அது ஏராளமாக இருக்கும்போதே எண்ணத் தொடங்குவதும், அதற்குச் சட்டத்தின் காவலைத் தருவதுமே அறிவுடைமை. ஓவியரின் தூரிகைக்கு முன்னால் சட்டம் வந்திருந்தால், நாம் இன்று அண்ணாந்து பார்ப்பதற்கு வானத்தில் ஏதேனும் இருந்திருக்கும்.