எட்வர்டு பால்பர்

சென்னையிலிருந்து செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் வண்டலூர் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஏறத்தாழ 600 ஹெக்டேர் பரப்பில் அமைந்திருப்பது அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. அதன் வரலாறு ஒரு மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. அவர்தாம் எட்வர்டு பால்பர்.

பால்பர் 1813ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டின் மான்ட்ரோஸ் நகரில் பிறந்தார். எடின்பரோவில் அறுவை மருத்துவம் பயின்று, 1834இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் மொரீசியஸ் தீவைக் கண்டார். காடுகளை அழித்தமையால் அத்தீவு உற்ற கேடு அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியேற்ற பின்னரும் அவர் அதை மறந்தாரில்லை. மரங்கள் குறைந்தால் மழையும் நிலத்தின் ஈரமும் குறையும் என்று 1840களிலேயே எழுதி அரசினர்க்கு உணர்த்தினார்.

1851இல் சென்னையில் அரசினர் அருங்காட்சியகம் தோன்றியது. அதன் முதல் தலைவர் பால்பரே. 1854இல் அஃது எழும்பூருக்கு மாறியது. அங்கே வைக்கப்பெற்ற புலிக்குட்டியையும் சிறுத்தையையும் காண மக்கள் திரண்டு வந்தனர். உயிரற்ற பொருள்களைவிட உயிருள்ளவை மக்களின் அறிவை விரைந்து தூண்டுவதைப் பால்பர் கண்டார். கர்நாடக நவாபை அணுகித் தம் கருத்தை எடுத்துரைத்தார். நவாபும் தாம் வளர்த்த விலங்குகளை வழங்கினார். இவ்வாறு 1855இல் உயிர்க்காட்சிசாலை பிறந்தது. ஓராண்டிற்குள் அங்கே 300க்கு மேற்பட்ட உயிர்கள் இருந்தன.

பால்பரின் தொண்டு இவ்வளவில் நிற்கவில்லை. இந்தியாவைப் பற்றிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்து 1857இல் வெளியிட்டார். பெண்கள் மருத்துவம் பயில்வதைப் பலர் ஏற்காத காலத்தில் அவர்களுக்குத் துணை நின்றார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1889இல் பால்பர் இலண்டனில் மறைந்தார்.

அவர் தொடங்கிய உயிர்க்காட்சிசாலை 1860களில் மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பெற்றது. நகரம் பெருகப் பெருக அங்கும் இடம் போதவில்லை. கூண்டுகள் குறுகியவை, வண்டிகளின் இரைச்சலோ ஓயாதது. காண்பவர்க்கு அது காட்சி. அடைபட்ட விலங்கிற்கோ சிறை. இக்குறையை நீக்க வண்டலூரில் காட்டுநிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வளங்குன்றிக் கிடந்த அந்நிலத்தில் மரக்கன்றுகள் நடப்பெற்றன. 1985இல் புதிய பூங்கா திறக்கப்பெற்றது. அகழிகள் சூழ்ந்த திறந்தவெளிகளில் விலங்குகள் உலவலாயின.

சிங்கம், புலி, கரடி முதலியவற்றைப் பழக்கி வித்தை காட்டுவதை 1998இல் இந்திய அரசு தடை செய்தது. அதன்பின் சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து மீட்கப்பெற்ற விலங்குகளுக்கும் வண்டலூரில் புகலிடம் அமைந்தது. வாழ்நாளெல்லாம் கூண்டில் கழித்த விலங்கு இரைதேட அறியாது. ஆதலின் அதனைக் காட்டில் விடுதல் இயலாது. இறுதிவரை உணவும் மருந்தும் நிழலும் தந்து காத்தலே மனிதர் கடன்.

மக்கள் கண்டு அறிவு பெறுதற்கென்று பால்பர் நட்ட வித்து, துன்புற்ற உயிர்கள் வந்து தங்கும் நிழல்மரமாக இன்று வளர்ந்துள்ளது. அறிவை வளர்க்கத் தொடங்கும் நற்பணி, காலம் செல்லச் செல்ல அருளையும் வளர்க்கும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.