பேராசிரியர் சுந்தரனார்

தென்காசியில் சாரல் தொடங்கும் காலமும் மாணவர் கல்லூரி நாடிப் புறப்படும் காலமும் ஒன்றேயாம். மேற்கு மலையில் முகில் கவிந்து, குற்றாலத்தருவியில் நீர் பெருகும் அந்நாட்களில், பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைகள் மதிப்பெண் தாளைக் கையிற்கொண்டு, எப்பாடம் எடுப்பது, எக்கல்லூரியிற் சேர்வது என ஆராய்வர். அறிவுரை கூறுவார்க்குக் குறைவில்லை. ஆயின், எதிரே நிற்கும் மாணவன் எத்தகையன், எதன்கண் அவன் உள்ளம் ஊன்றும் என்று உசாவிய பின்னர்க் கூறுவார் மிகச் சிலரே. ஈராண்டுகட்கு முன்னர், தமிழ் எடுத்துப் படிக்க விரும்புகின்றேன் என்று யான் சொன்னபோது, சுற்றத்தார் பலர் என்னை இரக்கத்தோடு நோக்கினர். முதியவர் ஒருவர் மட்டும், இதுகாறும் நீயே விரும்பிப் படித்த நூல் யாது என்று வினவினார். அவ்வொரு வினாவே என்னை இக்கல்லூரியிற் கொணர்ந்து சேர்த்தது.

அத்தகைய நல்வழிகாட்டலால் தாம் உயர்ந்து, பிறரையும் உயர்த்திய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுந்தேன். மனோன்மணீயம் என்னும் நாடக நூலை இயற்றிய பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையே அவர். அவரை நாடகாசிரியராக அறிந்தார் பலர். தமிழ்த்தாய் வாழ்த்தின் ஆசிரியராக அறியாதார் இலர். பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே நின்று இளைஞரைக் கரையேற்றிய ஆசிரியராக அவரை நினைப்பார் அரியர்.

சுந்தரனார் 1855ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில், திருவிதாங்கூரைச் சேர்ந்த ஆலப்புழையில் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை, தாயார் மாடத்தியம்மாள். இவர்தம் முன்னோர் மதுரையிலிருந்து அப்பக்கம் சென்று குடியேறியவர் என்ப. மலையாளம் வழங்கும் ஊரிற் பிறந்தும் இவர் தமிழை மறந்திலர். நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் கற்றார். அப்புலவரின் பெயரை நண்பர்கள் நினைவிற்கொள்க; இவ்வரலாற்றின் இறுதியில் அப்பெயர் மீண்டும் வரும்.

பின்னர்த் திருவனந்தபுரத்து மகாராசர் கல்லூரியிற் பயின்று, 1876இல் பி. ஏ. பட்டம் பெற்றார். அங்குத் தத்துவம் கற்பித்தவர் ராபர்ட் ஹார்வி என்னும் ஆங்கிலேயர். தம் முன் அமர்ந்திருந்த இளைஞனின் கூர்த்த மதி எத்துறைக்கு உரியது என்பதை அவர் கண்டுகொண்டார். தத்துவத்தின்பால் இவர் உள்ளம் ஈர்ப்புண்டமைக்கு அவ்வாசிரியரே பெருங்காரணம். மாணவனின் தகுதியை அவனே அறியுமுன் ஆசிரியன் அறிதல், கல்வியுலகில் நிகழும் நன்மைகளுள் தலையாயது.

இனி, அக்காலக் கல்விமுறையைச் சிறிது விளக்கினாலன்றி, சுந்தரனார் ஆற்றிய முதற்பணியின் அருமை விளங்காது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. பள்ளிப் படிப்பின் எல்லையில் அப்பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் என்னும் தேர்வு நின்றது. அதில் தேறியோர் இரண்டாண்டு எப். ஏ. வகுப்பிற் பயின்று, அதன்பின் மேலும் ஈராண்டு பயின்றே பி. ஏ. பட்டம் பெறல் கூடும். பி. ஏ. வரை கற்பிப்பவை முதல்தரக் கல்லூரிகள், எப். ஏ. வரை மட்டும் கற்பிப்பவை இரண்டாந்தரக் கல்லூரிகள். இவ்விரண்டாந்தரக் கல்லூரிகள் பல, உண்மையில் உயர்நிலைப் பள்ளிகளின் மேல் இரண்டு வகுப்புக்களைக் கூட்டி அமைந்தவையே. ஒரே முற்றத்தில், ஒரே தலைமையாசிரியரின் கண்காணிப்பில், பள்ளிச் சிறுவரும் கல்லூரி மாணவரும் உடனுறைந்து பயின்றனர்.

அக்காலத்துத் தென்காசிச் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால், மாட்டுவண்டியே ஊர்தி. மதுரைப் பக்கமிருந்து புகைவண்டி 1876இல் திருநெல்வேலி வரை வந்துவிட்டதாயினும், தென்காசி அதன் ஒலியைக் கேட்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. மெட்ரிகுலேஷன் தேறிய சிறுவனுக்கு மேற்படிப்பு வேண்டுமாயின், பெரும்பாலும் தொலைவூர்க்கே செல்ல வேண்டும். அங்கு உணவுக்கும் உறையுளுக்கும் பொருள் வேண்டும். எந்நூல் கற்பது, எவரிடம் கற்பது எனக் கூற ஒருவர் வேண்டும். இவையிரண்டும் இன்மையால் பள்ளியோடு நின்ற நல்லறிஞர் எத்துணையர் என்பதை யாரே கணக்கிட வல்லார்!

இந்நிலையில், 1877ஆம் ஆண்டு, திருநெல்வேலியில் இருந்த ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்குத் தலைவராய்ச் சுந்தரனார் வந்தமர்ந்தார். அவர்க்கு அப்போது வயது இருபத்திரண்டே. தம்மினும் ஆறேழு ஆண்டே இளையரான மாணவர்க்குத் தலைமையாசிரியரானார். தாம் கடந்த வழியின் மேடுபள்ளங்கள் அவர்க்கு மறந்திலாமையின், பள்ளியோடு கல்லூரி வகுப்பைப் பொருத்தும் முயற்சியில் ஊக்கங்கொண்டார். அடுத்த ஆண்டாகிய 1878இல் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. அதுவே இன்று திருநெல்வேலி இந்துக் கல்லூரியாக விளங்குவது. பாரதியார் தம் பள்ளிப் பருவத்திற் சில ஆண்டுகள் பயின்றது அந்நிலையத்தைச் சேர்ந்த பள்ளியிலேதான்.

இரண்டு வகுப்புக்களைக் கூட்டியது பெருஞ்செயலோ எனச் சிலர் வினவலாம். ஆற்றின் இரு கரைகளும் பண்டே உள்ளன. இடையே ஒரு பாலம் இட்டவன் புதுக்கரை எதனையும் படைத்திலன். ஆயினும், மறுநாள் முதல் ஊரார் வாழ்க்கையே வேறாகின்றது. வண்டி கட்டி ஒருநாட் பயணத்தில் அடையும் தொலைவிற்குக் கல்லூரி வந்தமை, மேற்கே மலையடிவாரம் வரை இருந்த பிள்ளைகட்கு அத்தகைய பாலமாயிற்று.

திருநெல்வேலியில் இருந்த காலத்தே சுந்தரனார் தாமும் மாணவராயினார். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகள் என்னும் துறவியாரை அடைந்து, அவரை ஞானாசிரியராகக் கொண்டார். பிறர்க்கு வழிகாட்டுவோன் தனக்கு வழிகாட்டுவாரைத் தேடியலையக் கூச்சப்படலாகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1879இல் ஹார்வி தம் பழைய மாணாக்கரை மறவாது, திருவனந்தபுரத்திற்கு அழைத்துத் தத்துவம் கற்பிக்கும் பணியில் அமர்த்தினார். மறு ஆண்டு சுந்தரனார் எம். ஏ. பட்டமும் பெற்றார். 1882 முதல் மூன்றாண்டுகள் அரசாங்க வருவாய்த்துறையில் உயர்பதவி வகித்தார். பதவியும் பொருளும் அங்கு மிகுதி. எனினும் 1885இல் ஹார்வி ஓய்வுற்றபோது, அவ்வாசிரியரின் இருக்கைக்கே தத்துவப் பேராசிரியராய் மீண்டார். தம் இல்லத்திற்கு ஹார்விபுரம் எனப் பெயரிட்டார். தம் பெருநூலையும் அவ்வாசிரியர்க்கே உரிமையாக்கினார். நன்றி பாராட்டுதலில் இதனினும் மிக்கது யாதுளது!

பேராசிரியராய் இருந்த காலத்தே, 1888இல், நூற்றொகை விளக்கம் என்னும் சிறுநூலை வெளியிட்டார். உலகில் உள்ள அறிவுத்துறைகள் பலவற்றையும் வகைதொகை செய்து, ஒன்றற்கொன்று உள்ள தொடர்பு காட்டுவது அந்நூல். காட்டினுள் நுழைவானுக்கு மலையுச்சியிலிருந்து காடு முழுவதையும் ஒருமுறை காட்டுதல் போல்வது அம்முயற்சி. இன்று பாடம் தேர்ந்தெடுக்கத் தடுமாறும் மாணவன், ஒவ்வொரு பாடத்தின் பெயரை அறிவானேயன்றி, அவை யாவும் எவ்வாறு ஒரு மரத்தின் கிளைகளாய் நிற்கின்றன என்பதை அறியான். அக்குறையைத் தமிழில் நீக்க அன்றே முனைந்தவர் இவர்.

ஆராய்ச்சித் துறையில் இவர் அஞ்சாநெஞ்சினர். கால்டுவெல் ஐயர் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தைத் தமிழுலகம் பெரும்பேறாகப் போற்றியது. எனினும், திருஞானசம்பந்தரின் காலத்தை அவ்வறிஞர் மிகப் பிற்படக் குறித்தமை பொருந்தாது எனக் கண்டு, அவர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராகார் எனச் சான்று காட்டி நிறுவினார் சுந்தரனார். கல்வெட்டுக்களைப் படித்து, திருவிதாங்கூரின் பண்டை அரசர் வரலாற்றையும் 1894இல் எழுதி வெளியிட்டார். பெரியோரை மதித்தல் வேறு, அவர் கூறிய யாவற்றையும் ஒப்புதல் வேறு என்னும் நெறியை மாணவராகிய நாம் இவர்பாற் கற்றல் வேண்டும்.

இவர் பெயரை நிலைநாட்டிய மனோன்மணீயம் 1891இல் வெளிவந்தது. லிட்டன் பிரபு எழுதிய ஆங்கிலக் கதையொன்றைத் தழுவினும், பாண்டி நாட்டையும் சேரநாட்டையும் களனாகக் கொண்டு, முழுதும் தமிழ்மணம் கமழ அமைந்தது அந்நாடகம். அதனை அறிவுரையின் கதையென்றே யான் கருதுகின்றேன். பாண்டியன் சீவகனுக்கு அமைச்சனாகிய குடிலன் ஓயாது அறிவுரை கூறுகின்றான். அவையனைத்தும் இனியவை, அனைத்தும் குடிலனின் நன்மையையே கருதியவை. சுந்தர முனிவரோ குறைவாகவே பேசுகின்றார்; ஆனால் எவரும் அறியாவண்ணம் தம் உறைவிடத்திற்கும் அரண்மனைக்கும் இடையே ஒரு சுருங்கை வழி அமைத்து வைக்கின்றார். அவ்வழியே ஈற்றில் மனோன்மணியின் வாழ்வைக் காக்கின்றது. இனிய சொல்லைத் தருவோன் ஒருவன். செல்லும் வழியைத் தருவோன் மற்றொருவன். இவ்விருவரையும் பிரித்தறிய மாட்டாமையே சீவகனின் துன்பத்திற்கெல்லாம் மூலம். இன்று கல்லூரிச் சேர்க்கைக்குத் தரகு பெற்றுக்கொண்டு, மாணவனுக்கு நன்மை கூறுவார்போற் பேசுவாரைக் காணுந்தோறும் எனக்குக் குடிலனே நினைவிற்கு வருகின்றான்.

இனி, யான் இவ்வரலாற்றை எழுதுதற்குத் தூண்டிய நிகழ்ச்சியைக் கூறுவேன். நாகப்பட்டினத்து வெசுலியன் மிஷன் பள்ளியிற் பயின்ற வேதாசலம் என்னும் சிறுவன், தந்தையை இழந்து வறுமையால் பள்ளிப் படிப்பை முற்றுவிக்க இயலாதவனாயினான். பட்டம் இல்லை, பரிந்துரைப்பாரும் இலர். ஆயினும், நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் நூல்களை ஆழ்ந்து கற்றான். ஆம், சுந்தரனார்க்கு இளமையில் தமிழ் கற்பித்த அதே புலவர்தாம். மனோன்மணீயத்தைப் படித்து வியந்த வேதாசலம் அதன் ஆசிரியர்க்குச் செய்யுளால் கடிதம் வரைந்தான். 1895இல் ஆசிரியரும் மாணவனுமாகத் திருவனந்தபுரம் சென்று சுந்தரனாரைக் கண்டனர். வேதாசலத்திற்கு அப்போது வயது பத்தொன்பது, என் வயதே. பேராசிரியர் அவ்விளைஞனிடம் பட்டம் உளதோ என ஆராயாது, புலமை உளதோ என்றே ஆராய்ந்தார். கண்டு மகிழ்ந்து நற்சான்று அளித்தார். மறு ஆண்டில் வேதாசலம் அந்நகரிற் பள்ளியொன்றில் தமிழாசிரியராகச் சிலகாலம் பணியாற்றினார். 1898இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவரே பிற்காலத்து மறைமலையடிகள்.

ஹார்வி சுந்தரனாரைக் கண்டார். சுந்தரனார் வேதாசலத்தைக் கண்டார். ஒருவர் கைவிளக்கு மற்றொருவர் கைவிளக்கை ஏற்றிய இவ்வரிசையில் யாரேனும் ஒருவர் மதிப்பெண் தாளை மட்டும் நோக்கியிருப்பின், தமிழ் எதனை இழந்திருக்கும் என எண்ணும்போதே நெஞ்சம் நடுங்குகின்றது.

வேதாசலம் கிறித்தவக் கல்லூரியில் அமர்ந்த செய்தியைக் கேட்கும் பேறு சுந்தரனார்க்கு வாய்த்திலது. 1897ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள், நாற்பத்திரண்டாம் வயதில் அவர் உயிர் நீத்தார். விதைத்தவன் விளைவைக் காணாது செல்வதும், வழிகாட்டினவன் வழிப்போக்கன் ஊர் சேர்ந்ததை அறியாது செல்வதும் உலகத்தியற்கை போலும்.

அவர் பாடிய தமிழ்த்தெய்வ வணக்கத்தின் பகுதியைத் தமிழக அரசு 1970இல் வாழ்த்துப் பாடலாக ஏற்றது. 1990இல் அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரும் சாலையில், அபிஷேகப்பட்டியில் அஃது அமைந்துள்ளது. குற்றாலத்துப் பராசக்தி மகளிர் கல்லூரியிற் பயிலும் பெண்களும் அப்பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெறுகின்றனர். அன்று மலையடிவாரத்துப் பிள்ளைகட்குப் பாலம் அமைத்தவரின் பெயர், இன்று அருவிக்கரைப் பெண்களின் பட்டத்தாளிற் பொறிக்கப்பெறுகின்றது.

எப். ஏ. வகுப்பு இன்டர்மீடியட் ஆயிற்று. பின்னர்ப் புதுமுக வகுப்பாயிற்று. 1978இல் மேனிலைப் பள்ளிமுறை வந்தபோது அப்படிப்பு பள்ளிக்கே திரும்பிற்று. ஆகவே, முன்னாளிற் கல்லூரி வாயிலில் எழுந்த வினாவை, இன்று பதினைந்து வயதுச் சிறுவனும் சிறுமியும் பதினொன்றாம் வகுப்பின் வாயிலிலேயே எதிர்கொள்கின்றனர். அவ்வயதில் எடுத்த பாடம் பின்னர்ச் செல்லும் வழிகள் பலவற்றைத் திறக்கின்றது. பலவற்றை அடைத்தும் விடுகின்றது. பாலம் இருக்கின்றது, பாலத்தில் நின்று கைகொடுப்பாரே வேண்டும்.

மாணவ நண்பர்களே, பழைய மாணவராகிய பெரியோர்களே! வரும் சாரற்காலத்தில் நாம் ஒவ்வொருவரும் நம் ஊர்ப் பள்ளிக்கு ஒருநாள் சென்று, ஒரே ஒரு பிள்ளையோடு அமர்வோமாக. எவ்வளவு மதிப்பெண் என்பதைப் பின்னர்க் கேட்போம். நீயே விரும்பிப் படித்த நூல் யாது என்பதை முதலிற் கேட்போம். அவ்விடையைச் செவிசாய்த்துக் கேட்டபின், நாம் அறிந்த வழியை மறையாது கூறுவோம். பேராசிரியர் சுந்தரனார்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் அதுவேயாகும்.