மகனை மீட்ட தாய்: சோஜேர்னர் ட்ரூத்

அமெரிக்க அடிமைமுறை என்றதும் தெற்கு மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களே நம் நினைவுக்கு வருகின்றன. வட மாநிலமான நியூயோர்க்கிலும் அக்கொடுமை நிலவியது என்பதையும், சட்டம் அதனை மெல்ல மெல்லவே ஒழித்தது என்பதையும் நம்மிற் பலர் அறியோம். அவ்வொழிப்பின் வரலாற்றைத் தம் வாழ்விலேயே கண்டவர் சோஜேர்னர் ட்ரூத் அம்மையார்.

1797ஆம் ஆண்டளவில் அல்ஸ்டர் மாவட்டத்தில், இசபெல்லா என்னும் பெயருடன் அடிமையாகப் பிறந்தார். அவர் முதலிற் பேசியது ஒல்லாந்த மொழி. ஒன்பது வயதளவில் ஓர் ஆட்டு மந்தையுடன் சேர்த்து 100 டொலருக்கு விற்கப்பட்டார். புதிய எசமானின் ஆங்கில ஏவல் விளங்காமையால் கடுமையாக அடிக்கப்பட்டார்.

1799இல் நியூயோர்க் இயற்றிய சட்டம், அவ்வாண்டு யூலை 4க்குப் பின் பிறக்கும் அடிமைகளின் பிள்ளைகளுக்கே விடுதலை வழங்கியது. அதுவும் பெண்கள் 25 வயது வரையும் ஆண்கள் 28 வயது வரையும் உழைத்த பின்னரே. முன்னர் பிறந்த இசபெல்லாவுக்கு அதில் இடமிருக்கவில்லை. 1817இல் வந்த சட்டமே 1827 யூலை 4ஐ அவருக்கும் விடுதலை நாளாகக் குறித்தது. ஓராண்டு முன்னதாகவே விடுவிப்பதாக வாக்களித்த எசமான் பின்னர் மறுத்தார். 1826இன் பிற்பகுதியில், ஒரு விடியற்காலையில், கைக்குழந்தையுடன் இசபெல்லா வெளியேறினார். அடைக்கலம் அளித்த ஒரு குடும்பத்தினர் அவருக்காக எசமானுக்கு 20 டொலர் செலுத்தினர்.

இதற்கிடையில், ஏறக்குறைய ஐந்து வயதே ஆன அவருடைய மகன் பீற்றர் கைமாறி, தெற்கே அலபாமாவுக்குக் கொண்டு செல்லப்பட்டான். அங்கு அவனை விடுவிக்கச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அடிமைகளை மாநிலத்துக்கு வெளியே விற்பதை நியூயோர்க் சட்டம் தடைசெய்திருந்தது. எழுத்தறிவும் பணமும் அற்ற அத்தாய் கிங்ஸ்டன் நகர நீதிமன்றை நாடினார். குவேக்கர் சமயத்தவர் துணைநின்றனர். 1828இல் பீற்றர் தாயிடம் ஒப்படைக்கப்பட்டான். அச்சத்தால் முதலில் தாயையே மறுத்த அச்சிறுவனின் உடலெங்கும் அடித்தழும்புகள்.

1843இல் தம் பெயரைச் சோஜேர்னர் ட்ரூத் என மாற்றி, ஊர் ஊராகச் சென்று அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் குரல்கொடுத்த அம்மையார், 1883 நவம்பர் 26இல் மிச்சிகன் மாநிலத்தின் பற்றில் கிறீக் நகரில் மறைந்தார்.

சட்டம் ஏட்டில் இருந்தது. பின்னாளிற் கற்ற மொழியில் தம் முறைப்பாட்டைச் சொல்லி, அதனைத் தம் பிள்ளைக்கு உரியதாக்கியவர் அத்தாயே. வேற்றுமொழி மன்றுகளின் வாயிலிற் காத்திருக்கும் நாம், அவரை நினைவிற் கொள்வோமாக.